நீர்க்காகத்துக்கு ஐம்பது நாள்

வாகைமடைக் குளத்துக்கு அந்தத் தை மாதம் வந்து இறங்கிய நாலாயிரத்துச் சொச்சம் நீர்க்காகங்களில் ஒன்று மட்டும் செம்பட்டை மயிரோடும் ஆளுயரக் கைகளோடும் இருந்ததைக் கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இந்த வருசம் வரத்து நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கிழக்கே கடல் பக்கமிருந்து கறுப்புக் கோடு கோடாகப் பறவைகள் வந்தன. ஏழாவது கோட்டின் நடுவில், முன்னாலும் பின்னாலும் இடைவெளி குலையாமல், கைகளை விரித்துக்கொண்டு அவளும் பறந்து வந்தாள். குளத்துக்குள் நிற்கிற நாட்டுக்கருவேல மரங்களுக்கு மேலே எல்லாவற்றோடும் ஒரு சுற்றுச் சுற்றினாள். மற்றவை கிளைக்குக் கிளை இறங்கியபோது அவளும் ஒரு கிளையில் இறங்கினாள். கிளை ஒடிந்தது. கனத்த கிளையாகப் பார்த்து மாறிக்கொண்டாள்.

நீர்க்காகம் முங்கி மீன் பிடித்துவிட்டு வந்து, கொடியில் சட்டை காயப்போட்ட மாதிரி சிறகை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு வெயிலில் நிற்கும். அவளும் பட்டுப்போன ஒரு கொம்பில், நாலாயிரம் கறுப்புச் சட்டைகளுக்கு நடுவில் ஒரு சிவப்புச் சட்டையாக, கைகளை விரித்துக் காயவைத்தாள். யாரைப் பார்த்து யார் படித்தது என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டானது. டீக்கடைக் கட்சி பறவைதான் முந்தி என்றது. ரேசன்கடைக் கட்சி அவள்தான் முந்தி என்றது. அவள் எப்படிப் பறந்தாள் என்று இரண்டு கட்சியிலும் ஒருவரும் கேட்கவில்லை. வாசலுக்கு வந்தவளிடம் வந்த வழியையா கேட்பார்கள், சாப்பிட்டாயா என்றல்லவா கேட்பார்கள்!

அன்றைக்குக் கவலைப்பட்டவன் பலவேசம் ஒருவன்தான். அவள் குரங்காக இருந்ததில் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிளை மாறும்போது முன்னால் தள்ளிக்கொண்டு தெரிந்த வயிற்றைத்தான் பார்த்தான்.

"மாமா, வயித்துப் புள்ளக்காரி மாதிரியில்லா இருக்கு" என்றான் பக்கத்தில் நின்ற பெரும்படையானிடம். பெரும்படையான் அந்தக் குளத்து மடைகாவல். மடையைத் திறப்பதும் அடைப்பதும் தலைமுறையாக அவர் வீட்டு வேலை.

"இருக்கட்டுமே. வாறது எல்லாம் அதுக்குத்தான வருது?"

"அதுக்கில்ல. இது எத்தன நாளைக்கி?"

"காக்காயோட வந்தது காக்காயோட போவும். ஒனக்கென்னடே, காலு தரையில நிக்க மாட்டேங்கு?"

கால் நிற்காததற்குக் காரணம் இருந்தது. பலவேசம் மைக்செட் வைத்திருந்தான். 'வானவில் சவுண்ட் சர்வீஸ்' என்று வண்டியில் எழுதியிருக்கும். வாகைமடைக்கோ ஒரு வழக்கம் உண்டு. பறவை அங்கே வலசை வருவதில்லை, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வருகிறது. ஆகையால் தை பிறந்து முதல் பறவை இறங்கிய நாளிலிருந்து ஆனிக் கடைசியில் கடைசிக் குஞ்சு பறக்கிற நாள்வரைக்கும் அந்த ஊரில் கொட்டு கிடையாது, குரவை கிடையாது, வெடி கிடையாது, ஒலிபெருக்கிக் குழாய் கிடையாது. கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளுவார்கள், சண்டையை ஆடிக்குத் தள்ளுவார்கள், கோழி திருடினவனைக்கூட 'ஏய்' என்று சொல்லாமல்தான் விரட்டிக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஆறு மாதமும் பலவேசத்துக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்த மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருப்பான், எழுந்தால் நடப்பான், நடந்தால் திரும்புவான். வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து, அங்கே இல்லாத மைக்செட் திருகு ஒன்றைச் சத்தம் கூடுகிற வலப் பக்கமாகத் திருகிக்கொண்டே இருக்கும். அடுப்படியில் கரண்டியை எடுத்து வாய்ப் பக்கம் வைத்து, "அலோ, மைக் டெஸ்டிங்" என்று முணுமுணுப்பான். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அவன் மனைவி செல்லக்கனி, "ஆனி வரைக்கும் பொறுக்காதா ஒங்க வாயி?" என்பாள்.

மறுநாள் காலை வாக்குக் கொடுக்கிற சடங்கு. பெரும்படையான் முழங்கால் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். வழக்கமாக முதலில் வந்த பறவையைப் பார்த்துச் சொல்லுவார். இந்த வருசம் இருப்பதில் பெரியவளைப் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று திரும்பி நின்றார். அப்போதுதான் பலவேசம் வாயைத் திறந்தான்.

"மாமா, ஒரு வார்த்த. இந்தச் சாதி எத்தன நாளு புள்ள வளக்கும்னு யாருகிட்டயாவது கேட்டுட்டுச் சொன்னா என்ன?"

கரையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "புள்ளத்தாச்சி வாசல்ல நிக்கா, இவரு நாளு கேக்காரு! மாப்பிள்ள வீட்டுக்காரன் தோத்தான் போ" என்றாள் ஒருத்தி. செல்லக்கனிக்கு மானம் போயிற்று.

பெரும்படையான் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "வயித்துப் புள்ளக்காரி, இது ஒன் தாய்வீடு. ஒன் புள்ள ஒன்ன விட்டுத் தனியாப் போற நாளு வரைக்கும் எங்க ஊரு சத்தம் போடாது. கொட்டு இல்ல, வெடி இல்ல, கொழாயி இல்ல. சொன்ன வார்த்தைக்குத் தண்ணி சாட்சி." அள்ளிய தண்ணீரைக் குளத்திலேயே விட்டார். குளத்துத் தண்ணீரில் கலந்த வார்த்தையைத் திரும்பப் பிரித்தெடுக்க ஒருவராலும் முடியாது என்பது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். மரத்தின் மேலே அவள் ஒரு கொத்து இலையை ஒடித்துத் தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் செவத்தவள் என்று பேராயிற்று.

அதே வாரம் பலவேசத்தின் மகள் முப்பிடாதியும் ஏழு மாத வயிற்றோடு மினிபஸ்ஸில் வந்து இறங்கினாள். கோவில்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண். வீட்டுக்குப் போகுமுன் பையோடு நேரே கரைக்குப் போனாள். செவத்தவளை இவள் பார்த்தாள், இவளைச் செவத்தவள் பார்த்தாள். இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற நிலை ஒன்றாக இருந்ததென்று மாடு மேய்த்தவர்கள் சொன்னார்கள். பங்குனியில் இருவருக்கும் ஒரே வாரத்தில் பிரசவம். இருவருக்கும் பெண். ஊர்ப்பெண்கள் பேறுகால மருந்தைக் கிண்டி, ஒரு உருண்டையை முப்பிடாதிக்கும் ஒரு உருண்டையை வாழையிலையில் வைத்துப் பரிசலில் மரத்துக்கும் அனுப்பினார்கள். செவத்தவள் மருந்தைத் தின்றுவிட்டு இலையையும் தின்றாள்.

அப்புறம்தான் பலவேசத்துக்குத் தூக்கம் போயிற்று. சாயங்காலமானால் கரையில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடப்பான். நடந்துகொண்டே இரண்டையும் ஒப்புப் பார்ப்பான். நீர்க்காகம் நாலு முட்டை வைத்தது. செவத்தவள் ஒன்றே ஒன்று பெற்றாள். நீர்க்காகம் போன வருசத்துப் பழங்கூட்டிலேயே நாலு சுள்ளியைச் செருகி வாழ்க்கையை ஓட்டியது. செவத்தவள் பொழுது சாயச்சாயக் கிளைகளை மடக்கி, இலையைப் பரப்பி, கையால் தட்டிப் பார்த்து, தினம் ஒரு புதுக் கூடு கட்டினாள், விடிந்தால் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நீர்க்காகக் குஞ்சு முப்பதாம் நாள் தாயின் தொண்டைக்குள் தலையை விட்டு மீனைப் பிடுங்கித் தின்றது, நாற்பதாம் நாள் தண்ணீரில் முங்கியது, ஐம்பதாம் நாள் பறந்துபோய் வேறு கிளையில் நின்று தாயையே யாரோ மாதிரி பார்த்தது. செவத்தவளின் பிள்ளை ஐம்பதாம் நாள் தாயின் மயிரைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. அறுபதாம் நாளும் கொட்டாவி விட்டது. எண்பதாம் நாளும் அதே வேலைதான்.

ஆனி பிறந்ததும் மாப்பிள்ளை அழகுவேலும் அவன் தாயாரும் பெண்ணையும் பிள்ளையையும் அழைத்துப்போக வந்தார்கள். மூன்றாம் மாதம் அழைப்பது முறை. முப்பிடாதி தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "கொளத்துல இருக்கவளும் நானும் ஒரே வாரத்துல பெத்தவ. அவளுக்கு முந்தி நான் வாசல் தாண்டுனா ரெண்டு புள்ளைக்கும் ஆவாது. அவ போவட்டும், நானும் வாரேன்" என்றாள். அப்படி ஒரு சாத்திரம் உண்டா என்று மாமியாருக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லவும் பயம்.

"அதுக்கென்ன மதினி, காக்கா போறப்ப அதும் போயிரும். ஆனி முடியுற வரைக்குந்தான்" என்றாள் செல்லக்கனி. எல்லாரும் சிரித்தார்கள். முப்பிடாதி சிரிக்கவில்லை என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. பலவேசம் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்துப் பறவை எண்ணுகிற டேனியல் சார் வந்தார். கல்லூரி வாத்தியார், குஞ்சுகள் பறக்கிற பருவத்தில் வருசம் தவறாமல் தூரக்கண்ணாடியோடு வந்து எண்ணி எழுதிக்கொண்டு போவார். கண்ணாடியைக் கண்ணில் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்ததும் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது கடலுக்கு அந்தப் பக்கம் தீவுக்காட்டுல இருக்கிறது. ஒராங்குட்டான். காட்டையெல்லாம் வெட்டிட்டாங்க. ஒலகத்துலயே இனி கொஞ்சந்தான் மிச்சம்."

"அப்ப காக்கா?" என்றார் பெரும்படையான்.

"அதுக்கென்ன, குளத்துக்குக் குளம் கெடக்கு."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். வந்தவகள்ல ஒசத்தி தாழ்த்தி பாக்க முடியுமா?"

பலவேசம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "சார், ஒரே ஒரு கேள்வி. நீர்க்காகக் குஞ்சு தாய விட்டுப் போவ எத்தன நாளு?"

"ஐம்பது நாள்."

"இது?"

டேனியல் சார் கண்ணாடியைத் துடைத்தார். "ஏழு வருசம் ஆகும். எட்டும் ஆகலாம். தாய் கூடவே இருந்து, எதத் தின்னணும், எப்படிக் கூடு கட்டணும்னு படிச்சுட்டுத்தான் போகும்."

கரையில் யாரோ விரல் விட்டு எண்ணினார்கள். எட்டு ஆடி, எட்டு ஆவணி, எட்டுத் தீபாவளி. வாக்குக் கொடுத்தபோது ஊர் மனசில் ஐம்பது நாள்தான் இருந்தது. ஆனால் வாயில் நாள் வரவில்லை, 'தனியாப் போற நாளு வரைக்கும்' என்றுதான் வந்தது. தண்ணீர் மனசைக் கேட்காது, வாயைத்தான் கேட்கும்.

"இத எழுதிப் போட்டா என்னாவும் சார்?" என்றாள் செல்லக்கனி.

"லாரி வரும். கூண்டு வரும். டிவிக்காரங்க வருவாங்க." தன் தாளைப் பார்த்தார். அதில் நாரை உண்டு, கொக்கு உண்டு, நாமக்கோழி உண்டு. பறந்துவந்த குரங்குக்குக் கட்டம் இல்லை. நீர்க்காகம் என்ற வரியில் நாலாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பதினைந்து என்று திருத்தினார். "தாயும் புள்ளையும் சேத்து" என்றார்.

ஆனிக் கடைசியில் நீர்க்காகங்கள் கோடு கோடாகக் கிளம்பிப் போயின. செவத்தவள் கைகளை விரித்தாள். ஊரே கரையில் நின்று பார்த்தது. மாரில் பிள்ளை கனத்ததோ என்னவோ, கைகளை மடக்கிக்கொண்டு, அந்தச் சாயங்காலத்துக்கான கூட்டைக் கட்டத் தொடங்கினாள்.

ஆடியில் சுடலைமாடனுக்குக் கொடை. மேளம் இல்லாமல் சாமி எப்படி வரும்? நூலகக் கட்டடத்தின் முன்னால் கூட்டம் போட்டார்கள். விரட்டிவிடலாம் என்றால் யார் விரட்டுவது? கொட்டுக்காரன் கொட்டினால் வாக்குக்குத்தம் அவன் கையைப் பிடிக்கும். வெடி போட்டவனை வெடி பிடிக்கும். யாருக்கும் தன் கையைக் கொடுக்க மனசில்லை. அப்போது பலவேசம்தான் எழுந்தான். ஏழு மாதமாக அரித்த உடம்பு பேசியது.

"கொழாய்க்குக் கை கெடையாதுல்லா? ரெண்டு கொழாயையும் மரத்தப் பாக்கக் கெட்டிட்டு, சுவிட்ச மின்னயே போட்டு வச்சிருவோம். காலைல ஆறரைக்குக் கரண்டு வரும். கரண்டு வந்தா அது பாட்டுக்கு அலறும். மனுசன் சத்தம் போட்டான்னு யாரும் சொல்ல முடியாது. அவ கெளம்பிருவா."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். கெட்டிக்காரத்தனமாக இருந்ததனால்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும், வேறு வழி தெரியாததனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. பெரும்படையான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார்.

மறுநாள் பிற்பகல் பலவேசம் கரையில் மூங்கில் நட்டு, இரண்டு குழாயையும் ஏற்றிக் குளத்தைப் பார்க்கக் கட்டிக்கொண்டிருந்தான். கை விறுவிறுவென்று ஓடியது. நாலு மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முப்பிடாதி வந்து மூங்கிலுக்குக் கீழே நின்றாள்.

"யப்பா."

"நவுந்து நில்லுட்டி, வயரு கெடக்கு."

"ரெண்டு கொழாயும் அவளுக்குத்தானா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ண நம்ம வீட்டப் பாத்துத் திருப்பி வச்சிருங்க."

பலவேசம் கீழே பார்த்தான். அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் ஏறவில்லை, காய்கறி வாங்கி வரச் சொல்லுகிற குரல்தான்.

"அவ போனா நான் போவணும்லா. சொல்லிருக்கேம்லா. அங்க அவரு கை ஓங்குறதுக்கு மின்ன எந்திச்சுப் போயி டிவி சத்தத்தக் கூட்டி வைப்பாரு. நெறயக் கூட்டுனா நெறய அடின்னு அர்த்தம். நான் கத்துனா பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. எனக்கே கேக்காதுப்பா. இங்க வந்துதான் எந்தொண்டச் சத்தம் எனக்குக் கேக்குது."

தோளில் கிடந்த பிள்ளை கொட்டாவி விட்டது. அவ்வளவு பெரிய குளத்தில், அவ்வளவு அமைதியில், அந்தக் கொட்டாவிகூடக் கேட்டது.

பலவேசம் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபது வருசமாக அவன் ஊர் ஊராகச் சத்தத்தைக் கூட்டிவைத்தவன். கல்யாண வீட்டில் கூட்டிவைத்தான், பூப்பு வீட்டில் கூட்டிவைத்தான், திருகைத் திருகிவிட்டுப் பந்தல்காலில் சாய்ந்து பீடி குடித்தான்; அந்தச் சத்தத்துக்கு அடியில், அந்தந்த வீட்டு அடுப்படியில், யார் என்ன சொன்னார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "ஏன் மின்னயே சொல்லல?" என்று கேட்க வாயெடுத்தான். சொல்லியிருப்பாள், ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொல்லியிருப்பாள், தானல்லவா வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தோம் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் ஆறரைக்கு ஊரே கரையில் நின்றது. கரண்டு வந்தது, நூலகத்து விளக்கு எரிந்தது. குழாய் பேசவில்லை. ஐந்து நிமிசம் போயிற்று. செவத்தவள் தன் கூட்டிலிருந்து எழுந்து சோம்பல் முறித்தாள்.

"என்னடே பலவேசம்?"

பலவேசம் பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான், தட்டினான், ஊதினான், பிறகு நிமிர்ந்து, "ஆம்ளிபயர் எரிஞ்சிபோச்சி" என்றான். வார்த்தை குழறியது. வாழ்நாளெல்லாம் கணீரென்று பேசினவன் கன்னத்தில் எதையோ ஒதுக்கிவைத்துக்கொண்டு பேசினான். பெரும்படையான் கிட்டே வந்து அவன் வாயை உற்றுப் பார்த்தார். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே, கண்ணாடிக் குழலாக, பெட்டியிலிருந்து கழற்றிய சின்ன பியூஸ் ஒன்று மினுங்கியது.

"எரிஞ்சேதான் போச்சு" என்றார் பெரும்படையான் உரக்க. "சரிபண்ண எத்தன நாளாவும்?"

"எட்டு வருசமாது ஆவும் மாமா."

ஊர் ஒரு பெருமூச்சு விட்டது. தப்பித்த பெருமூச்சு. எல்லாரும் மாடு அவிழ்க்கப் போனார்கள்.

அப்படியாக வாகைமடை எட்டு வருசம் சத்தமில்லாமல் வாழ்ந்தது. முதல் கொடையில் சாமியாடி விடியவிடிய ஆடாமல் அசையாமல் நின்றார், சுண்டுவிரல் மட்டும் நடுங்கியது. அந்த வருசம் சொன்ன குறி அத்தனையும் பலித்ததால் மறுவருசம் மேளத்தை யாரும் கேட்கவில்லை. கல்யாணத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் கெட்டிமேளத்துக்குப் பதிலாகப் பந்தலில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நீர்க்காகம்போல இரண்டு கையையும் விரித்தார்கள். வெளியூர் உறவுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு தங்களையறியாமல் அவர்களும் விரித்தார்கள். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் வாயைத் திறக்காமல் கும்பிட்டுக்கொண்டே தெருத்தெருவாகப் போனார். அந்த வட்டாரத்திலேயே அவருக்கு அதிக ஓட்டு விழுந்த ஊர் அதுதான். சாவு விழுந்தால் பெண்கள் இரண்டு மைல் நடந்து தார்ரோட்டுக்குப் போய், லாரிகளுக்கு நடுவில் நின்று ஆசைதீர அழுதுவிட்டு வந்தார்கள். நாய்கள்கூட மூன்றாம் வருசத்திலிருந்து வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டன. பலவேசம் மைக்செட்டை மூடிவைத்துவிட்டு வீடு வீடாக மின்சார வயர் இழுத்தான். கால் மட்டும் நிற்கவில்லை, விரல் திருகுவதையும் விடவில்லை. ஆனால் நடந்துகொண்டே கேட்கப் படித்திருந்தான். எந்த வீட்டில் சட்டி வேண்டுமென்றே உருள்கிறது, எந்த வீட்டில் ஒருத்தி மூக்கை உறிஞ்சுகிறாள், எல்லாம் தெருவிலேயே கேட்டது. ஒளிந்துகொள்ளச் சத்தம் இல்லாததால் அந்த எட்டு வருசத்தில் ஊரில் மூன்று ஆண்கள் கை ஓங்குவதை விட்டார்கள், நாலாமவன் ஊரையே விட்டுவிட்டான்.

ஆனி தோறும், தையில் வந்த நீர்க்காகங்கள் புறப்பட்டுப் போகும். ஆனி தோறும் அழகுவேலும் கார் பிடித்து வருவான். முப்பிடாதி வாசலில் நின்று மரத்தைக் கைகாட்டுவாள். மரத்தில் தாயும் பிள்ளையும் இருக்கும். நாலாம் வருசம் அழகுவேல் ஆத்திரத்தில் கார் ஆரனை அமுக்கினான். வீடு வீடாக ஆட்கள் வெளியே வந்து, காரைச் சுற்றி ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். சத்தம் போடாமல் நூறு பேர் பார்ப்பதைத் தாங்குகிற மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அவன் ஆரனிலிருந்து கையை எடுத்தான்.

எட்டாம் வருசத்து ஆனியில் செவத்தவளின் மகள் எதிர்மரத்தில் தனியாக ஒரு கூடு கட்டினாள். கோணலாகக் கட்டினாள், கையால் தட்டிப் பார்த்தாள், படுத்தாள். செவத்தவள் இந்த மரத்திலிருந்து இரவெல்லாம் பார்த்தாள், போகவில்லை. ஒரு வாரம் கழித்து நீர்க்காகங்கள் கிளம்பியபோது மகள் ஆறாவது கோட்டிலும் தாய் ஏழாவது கோட்டிலுமாகக் கைகளை விரித்துக் கிழக்கே போனார்கள். பெரும்படையான் தடியூன்றித் தண்ணீரில் இறங்கி, ஒரு கை அள்ளி, குளத்துக்கு வெளியே கரையில் ஊற்றினார். வாக்குத் தீர்ந்தது.

மறுநாள் முற்பகல் பலவேசம் இரண்டு குழாயையும் கூரையில் கட்டிவிட்டு, பெட்டியைத் தெருவில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். ஊர் சுற்றிலும் நின்றது. முதல் பாட்டு எது என்று கிசுகிசுத்தது. அப்போது தெருமுனையில் வேன் வந்து நின்றது. அழகுவேல் இறங்கினான், தாயார் இறங்கினாள், பின்னாலேயே தவிலும் நாகசுரமுமாக நாலுபேர் இறங்கினார்கள். செய்தி கோவில்பட்டி வரைக்கும் போயிருந்தது.

"மரத்துல இருந்தவ போயிட்டா. இனி என்ன சாக்கு?" என்றாள் மாமியார். "ஊரறிய மேளதாளத்தோட அழைச்சிட்டுப் போவத்தான் வந்திருக்கோம். கெளம்பச் சொல்லுங்க."

முப்பிடாதி வாசலுக்கு வந்தாள். பக்கத்தில் எட்டு வயது மகள். முப்பிடாதி வாயைத் திறந்தாள். அழகுவேல் தவில்காரனைப் பார்த்து, கூட்டு, என்று கையைக் காட்டினான்.

எட்டு வருசமாகக் கொட்டுச் சத்தம் கேட்காத தெரு. இடி விழுந்த மாதிரி இருந்தது. மாடு கயிற்றை அறுத்தது, சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள், ஊர் பழக்கம் விட்டுப்போய்த் திகைத்து நின்றது. முப்பிடாதியின் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அசைந்தது. அழகுவேல் கையை இன்னும் உயர்த்தினான், இன்னும் கூட்டு. தவில் இன்னும் ஏறியது. கழுத்து நரம்பு புடைக்க அவள் எதையோ சொன்னாள். அவளுக்கே அது கேட்டிருக்காது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பலவேசத்துக்கு மூங்கிலின் உச்சியில் நின்ற அந்தப் பிற்பகல் கண்ணுக்கு முன்னால் வந்தது. சட்டைப்பையில், தீப்பெட்டிக்குள், பஞ்சில் பொதிந்து எட்டு வருசமாகச் சுமந்த அந்தக் கண்ணாடிக் குழலை எடுத்தான். பெட்டியில் செருகினான். மைக்கைக் கொண்டுபோய் மகளின் கையில் கொடுத்தான். திரும்பி வந்து பெட்டிக்கு முன்னால் குத்தவைத்தான்.

முப்பிடாதி மைக்கை விரலால் தட்டினாள். டொப், டொப் என்று இரண்டு குழாயும் குளத்தின் அக்கரை வரைக்கும் தட்டின. தவில்காரன் ஒரு அடி தவறவிட்டான்.

"நான் முப்பிடாதி பேசுதேன்."

நாகசுரம் நின்றது.

"நான் போவல. அடி வாங்க நான் போவல. டிவியக் கூட்டி வச்சிட்டு அடிச்சாம்லா, அப்ப நான் சொன்னது இதுதான். யாருக்கும் கேக்கல. இப்பக் கேக்குதா?"

குரல் வயலைத் தாண்டியது, தார்ரோட்டைத் தாண்டியது, பக்கத்து மூன்று ஊர்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தவில்காரன் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரும் சொல்லாமலே வேனில் ஏறி உட்கார்ந்தான். குளத்தங்கரையில் தடியோடு நின்ற பெரும்படையான் தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார். அவரைப் பார்த்து டீக்கடை விரித்தது, ரேசன்கடை விரித்தது, தெரு முழுக்க ஆணும் பெண்ணுமாகக் கைகளை விரித்து, வெயிலில் காய்கிற நீர்க்காகங்கள் மாதிரி, ஒரு சத்தமில்லாமல் நின்றார்கள். அழகுவேல் நடுவில் நின்றான். அவனால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பலவேசம் மட்டும் கையை விரிக்கவில்லை. அவன் இரண்டு விரலாலும் பெட்டியின் திருகை வலப் பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தான். அது எப்போதோ கடைசிவரைக்கும் போய் நின்றுவிட்டிருந்தது. அதற்குமேல் திருக இடமில்லை. அவன் இன்னும் திருகிக்கொண்டுதான் இருந்தான்.